புதுச்சத்திரம் டிக்கெட்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் புதுச்சத்திரத்துக்கு டிக்கெட் எடுத்தார். முப்பது வயது இருக்கும். சவரம் செய்யாத முகம், மடியில் ஒரு துணிக்கடைப் பை. கையிலிருந்த செல்போனில் பச்சையும் சிவப்புமாகக் கோடுகள் ஏறி இறங்கின. அடிக்கடி கட்டைவிரலைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார்.

"கிரிப்டோ, மாமா. வாங்கி ரெண்டு நிமிஷத்துல வித்துடணும். சம்பளத்த விட ஜாஸ்தி வரும். கண்ண எடுத்தா மொத்தமும் போயிடும்."

"இன்னிக்கு வந்துச்சா, போச்சா?"

"காலைல போச்சு. இப்ப வந்துடுச்சு." இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னார்.

புதுச்சத்திரத்தில் கண்டக்டர் கத்தினார். நானும் தோளைத் தொட்டேன். "இத முடிச்சிட்டு எறங்குறேன்" என்றார். பஸ் கிளம்பிவிட்டது.

சிதம்பரத்தில்தான் நிமிர்ந்தார்.

"புதுச்சத்திரத்துல யாரு தம்பி?"

"மாமியார் வூடு. எனக்குக் கொழந்த பொறந்திருக்கு."

"என்ன கொழந்த?"

மடியிலிருந்த பையைப் பார்த்தார். "கேக்கல மாமா. நேத்து போன் வந்தப்ப டிரேடு ஓடிட்டிருந்துச்சு. பொறந்துடுச்சுன்னாங்க, கட் பண்ணிட்டேன்."

திரும்பிப் போகும் கடலூர் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். கட்டைவிரலைத் துடைப்பது கீழேயிருந்தே தெரிந்தது. "புதுச்சத்திரத்துல அவர எறக்கி வுட்டுடுங்க" என்று அந்தக் கண்டக்டரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

இறங்கினாரா, தெரியாது.