தலைக்கவசத்துக்குள் ஒரு தேதி

எங்கள் ஆவடி வீட்டில், செருப்பு அலமாரியின் மேல்தட்டில் சாம்பல் நிறத் தலைக்கவசம் ஒன்று இருக்கிறது. அதைத் திருப்பி உட்புறப் பஞ்சை விலக்கினால், வெள்ளை ஒட்டுத்தாளில் கறுப்பு மையால் எழுதிய தேதி ஒன்று தெரியும். கையெழுத்து என் மனைவியுடையது. அது வாங்கிய நாள் அல்ல. அணிவதை நிறுத்தவேண்டிய நாள். ஐந்தாண்டுகளுக்கு மேல் எந்தத் தலைக்கவசத்தையும் அவள் நம்பியதில்லை. வெயிலும் வியர்வையும் ஏறி ஏறி உள்ளிருக்கும் தெர்மாகோல் கெட்டுப்போகும், அதன்பின் அது வெறும் தொப்பி என்பாள். குறித்த நாள் வந்ததும் தாடைப்பட்டையைக் கத்தரியால் வெட்டிவிட்டுத்தான் குப்பையில் போடுவாள். முதன்முறை அதைப் பார்த்தபோது, யாருக்காவது கொடுத்திருக்கலாமே என்றேன். “ரிஜெக்ட் ஆன பீஸை முழுசாப் போடக் கூடாது வாத்யாரே. எவனாவது நல்ல பீஸுன்னு எட்துகினு பூடுவான்,” என்றாள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரேக் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு சிறு தொழிற்கூடத்தில் அவள் தரப் பரிசோதகர். நான் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவன். அவள் ஆவடியிலேயே பிறந்து வளர்ந்தவள்; நான் வெளியூரிலிருந்து வேலைக்கு வந்து தங்கிவிட்டவன். சென்னையில் எல்லோரும் எல்லோரையும் கூப்பிடும் ‘வாத்யாரே’வை, உண்மையிலேயே வாத்தியாரான ஒருவனிடம் சொல்வதில் அவளுக்கு முப்பது ஆண்டுகளாகச் சலிக்காத வேடிக்கை இருந்தது.

ஸ்கூட்டரில் போய்வந்துகொண்டிருந்தவள், ஐம்பத்திரண்டாவது வயதில் மோட்டார் சைக்கிள் வாங்கினாள். வாங்கிய கையோடு, புறநகரில் ஞாயிறுதோறும் நடந்த மேல்நிலைப் பயிற்சியில் சேர்ந்தாள். அவளைத் தவிர எல்லோரும் அடுக்குமாடிகளிலிருந்து வந்த கணினி நிறுவன இளைஞர்கள். வேடிக்கை பார்க்கப் போன என்னை, பின்னால் ஆள் அமர்த்தி ஓட்டும் பாடத்துக்காக, பயிற்சி மாஸ்டர் அவள் வண்டியில் ஏற்றிவிட்டார். ஆரஞ்சுக் கூம்புகளுக்கிடையே வளைந்து வளைந்து செல்லவேண்டும். வண்டி இடப்புறம் சாய்ந்தபோது, எடையைச் சமன் செய்கிறேன் என்று நான் வலப்புறம் சாய்ந்தேன். இயற்பியல் படித்த ஒருவன் அறிந்தே செய்யக்கூடிய தவறு அது. படிக்காதவன் பயந்து வண்டியோடு ஒட்டிக்கொண்டிருப்பான். மூன்று கூம்புகள் உருண்டன. அவள் காலூன்றித் திரும்பிப் பார்த்தாள். “இன்னா வாத்யாரே, நான் இந்தாண்ட சாஞ்சா நீங்க அந்தாண்ட போறீங்க? கல்யாணத்துலேர்ந்தே இத்தான் நடக்குது!” இளைஞர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். மாஸ்டர் மட்டும் மரியாதையோடு, “சார், படிச்சவரு நீங்க. ஆனா பின்னாடி குந்திகினா அரிசி மூட்டை மாரி குந்தணும். வண்டி எங்க போவுதோ அங்க மூட்டையும் போவும்,” என்றார். அதன்பின் பல மாதங்கள் வீட்டில் என் பெயர் மூட்டை.

அந்தப் பயிற்சியில் எனக்கு முதலில் கூச்சம் தந்ததும், பிறகு பிரியமானதும் ஒன்றுண்டு. ஓட்டுபவர் தன் கண்ணில் படும் ஆபத்தையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டவேண்டும்; சொல்லத் தவறியதை அவர் பார்க்கவில்லை என்று பொருள். பின்னால் இருப்பவர் தானும் அதைக் கண்டபின் ‘பார்த்தாச்சு’ என்று பதில் தரவேண்டும். பாடம் முடிந்தபின்னும் அவள் அந்தப் பழக்கத்தை விடவில்லை. ஐயப்பன்தாங்கல் பணிமனையருகே நின்ற பேருந்தைக் கடக்கையில், “பஸ்ஸுக்கு அடியில ரெண்டு காலு தெரியுது, யாரோ குறுக்க வரப் போறாங்க,” என்பாள். அவ்வாறே ஓர் அம்மாள் கூடையோடு வெளிப்படுவார். “ஷேர் ஆட்டோ. மின்னாடி ஒர்த்தர் கை நீட்டிகினு கீறாரு. கண்டிப்பா ஒடிப்பான்.” சொன்னபடியே ஆட்டோக்காரன் ஓரத்துக்கு ஒடிப்பான். நான் ‘பார்த்தாச்சு’ என்பேன். பேச்சுக் குறைந்தவன் என்று பெயரெடுத்த எனக்கு, இல்லறத்தில் இதைவிட இணக்கமான உரையாடல் வாய்த்ததில்லை. அவள் வற்புறுத்தலால் அடுத்த தொகுதியில் நானும் சேர்ந்து பயிற்சியை முடித்தேன். ஆனால் நெடுஞ்சாலையில் ஓட்டும் துணிவு வரவில்லை. அவள் முதுகுக்குப் பின்னால் எனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

அவளுக்கு வந்த நோயைப் பற்றி நீட்டி எழுத விரும்பவில்லை. மருத்துவமனைக்கும் தன் வண்டியில்தான் போவேன் என்றாள். முதல் சில முறை போனோம். ஒரு நண்பகல் அங்கிருந்து திரும்புகையில், பூந்தமல்லியைத் தாண்டியதும் இடப்புற விளக்கைப் போட்டு, நிதானமாக ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினாள். இறங்கினாள். கையுறையைக் கழற்றி, பிரேக் லீவரை மெல்ல அழுத்திப் பார்த்தாள், மறுபடி அழுத்தினாள். பரிசோதனை மேசையில் ஓர் உதிரிபாகத்தைப் பார்ப்பதுபோல் தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எவ்ளோ அமுக்குறேன்னு வெரலுக்குத் தெரியல வாத்யாரே. மருந்து மரத்துப்போவ வெச்சிடுச்சு. பிரேக் நல்லாத்தான் கீது. கைதான் ரிஜெக்ட்.”

ஆட்டோ பிடிக்கலாம் என்றேன். அவள் சாவியை என் உள்ளங்கையில் வைத்தாள். “நீங்க ஓட்டுங்க. தெரியும் உங்களுக்கு. வாயால சொல்லிகினே ஓட்டுங்க.” அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு முதன்முதலாக நான் சாலையில் இறங்கினேன். லாரி, பள்ளம், எதிர்த்திசையில் வரும் சைக்கிள் என்று வகுப்பில் வருகைப் பதிவேடு வாசிப்பவன்போல் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒவ்வொன்றுக்கும் என் தோளருகே ‘பார்த்தாச்சு’ கேட்டது. திருப்பங்களில் அவள் எடை என் எடையோடு சேர்ந்தே சாய்ந்தது. வீட்டு வாசலில் இறங்கி, “மூட்டை நல்லா வந்துச்சா?” என்றாள். அதன்பின் அவள் ஓட்டவில்லை. மிஞ்சிய எட்டு மாதங்களும் நான்தான் ஓட்டினேன்.

அவள் போய் ஓராண்டு ஆகிறது. சென்ற மாதம் எங்கள் தெரு இஸ்திரிக்காரர் துணி கொடுக்க வந்தவர், அலமாரியைப் பார்த்துத் தயங்கி நின்றார். “அம்மாவோட ஹெல்மெட்டு சும்மாதான கீது சார். என் சம்சாரம் வண்டில பின்னாடி ஒண்ணுமில்லாம குந்திகினு வருது. குடுத்தீங்கன்னா போட்டுக்கும்.” நான் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அவள் எழுதிய நாள் கடந்து இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன. இவ்வளவு நாளும் நான் அதைத் திருப்பவேயில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. தரமுடியாது என்றேன். வேண்டியதைவிடக் கடுமையாகச் சொல்லிவிட்டேன் போலும்; அவர் முகம் வாடிவிட்டது. “பரவால்ல சார். அவங்க நெனப்பா வெச்சிருப்பீங்க. நான் கேட்டிருக்கக் கூடாது,” என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை.

மறுநாள் அவரையும் அவர் மனைவியையும் கடைக்கு வரச் சொல்லி, புதியது ஒன்று வாங்கினேன். பட்டையை மாட்டிக்கொண்டு தலையை ஆட்டச் சொன்னேன்; தலையோடு கவசமும் ஆடினால் அளவு தவறு என்பது மாஸ்டர் பாடம். அந்த அம்மாள் வெட்கத்தோடு ஆட்டினார். “சாமி வந்தா மாரி ஆடுது பாரு சார்,” என்று கணவர் சிரித்தார். மூன்றாவது பொருந்தியது. அதனுள் ஐந்தாண்டுகள் தள்ளி ஒரு தேதியை நானே எழுதினேன். அந்த நாளில் என்ன செய்யவேண்டும், ஏன் செய்யவேண்டும் என்று இருவருக்கும் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே, வீட்டில் நான் செய்யாமல் வைத்திருப்பது நினைவில் நின்றது.

அன்று மாலை கத்தரியை எடுத்தேன். தாடைப்பட்டையின் கொக்கி அவள் கடைசியாக இறுக்கிய இடத்திலேயே இருந்தது. அவ்விடத்தில் துணி மடிந்து பளபளத்தது. வெட்டப்போகிறேன் என்று வாய்விட்டுச் சொன்னேன். பதிலுக்கு வேண்டிய நேரம் விட்டேன். பட்டை தடிமனானது; மூன்றாம் முறைதான் அறுந்தது.

அவள் விதிப்படி அடுத்து அது குப்பைக்குப் போகவேண்டும். அதை மட்டும் நான் செய்யவில்லை. இனி அதை யாரும் எடுத்து அணிய முடியாது; எனவே யாரும் கேட்கவும் மாட்டார்கள். செருப்பு அலமாரியின் மேல்தட்டில், வெட்டிய பட்டையின் இரு பாதிகளும் இருபுறம் தொங்க, அது இருக்கிறது. காலையில் வண்டிச் சாவியை அதற்குப் பக்கத்திலிருந்துதான் எடுக்கிறேன்.