குருசாமிக்கு இரண்டும் வேண்டும்

ஸ்ரீவில்லிபுத்தூரில் கடையைத் திறந்து பிரிண்டருக்குப் பேப்பர் வைத்துக்கொண்டிருந்தேன். ராஜபாளையத்திலிருந்து குருசாமியின் அண்ணன் போன் செய்தார். "தம்பி போயிட்டான்யா. விடியக்காலையில மூச்சு முட்டிருச்சு. நீதான் போஸ்டர் அடிக்கணும்." இந்தப் பக்கத்தில் பாதிப் பேரின் கண்ணீர் அஞ்சலி போஸ்டரை வடிவமைத்தவன் குருசாமி, அச்சடித்தவன் நான். அவன் படத்தையே போட வேண்டி வந்தது. 'நீண்ட நாள் துயரிலிருந்து விடுபட்டு' என்று அண்ணன் சொன்ன வரியை மட்டும் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பெயரும் தொழிலும் போதும். சொந்தக்காரர்கள் சிலர் கோபித்துக்கொண்டார்கள். கோபித்துக்கொள்ளட்டும்.

அவனை அறிந்த உங்களுக்குத் தெரியும். லாரி மோதிக் கழுத்தில் அடிபட்ட பிறகு வலது கை விரல்கள்தான் அவன் சொல்பேச்சு கேட்டன. கட்டிலில் சாய்ந்தபடி, வயர் இல்லாத சின்ன கீபோர்டு ஒன்றை மடியில் வைத்து வேலை பார்த்தான். ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸ், லினக்ஸ் என்று இரண்டு இயங்குதளங்கள் இருந்தன; ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக, அணைத்துத் திறக்க வேண்டும். எங்கள் போஸ்டருக்கான பழைய தமிழ் எழுத்துருக்கள் விண்டோஸில்தான் ஒழுங்காக வரும். வெளியூர்க் கம்பெனிக்கு அவன் செய்த இணையதள வேலை லினக்ஸில். இரண்டும் அவனுக்குச் சோறு போட்டன.

வம்பு கீபோர்டில் வந்தது. விண்டோஸில் இணைத்தால் லினக்ஸில் அறுந்துபோகும். லினக்ஸில் இணைத்தால் விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளாது. ஒவ்வொரு முறையும் யாராவது வந்து வயர் கீபோர்டைச் சொருகி, மறுபடி இணைத்துக் கொடுக்க வேண்டும். அந்த யாராவது பெரும்பாலும் அவன் அண்ணன் மனைவி, எங்கள் மதினி. குரல் கேட்டதும் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடி வருவார். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. குருசாமிக்கு அதுதான் தாங்கவில்லை. "ரெண்டு வசவு வஞ்சாக்கூடப் பரவால்லலே. சிரிச்சிக்கிட்டே வாராவ பாரு, அதான் கொல்லுது."

ரிப்பேர்க் கடைக்காரர் ஒருவர் வந்து பார்த்தார். "எதுக்கு ரெண்டு? ஒண்ணை அழிச்சிருவோம்" என்றார், நல்ல எண்ணத்தில்தான். நானும் தலையாட்டிவிட்டேன். அவர் படியிறங்கியதும் குருசாமி என்மேல் பாய்ந்தான். "ஒண்ணை விட்டுக்குடுன்னு சொல்ற பூராப் பேரும் ரெண்டும் வச்சிருக்கவன்தாம்லே!"

பிறகு அவனே தேடிப் படித்தான். இணைக்கும்போதெல்லாம் கீபோர்டும் கம்ப்யூட்டரும் தங்களுக்குள் ஒரு ரகசியச் சாவி எண்ணை வைத்துக்கொள்கின்றன. கீபோர்டுக்குத் தெரிவது ஒரே கம்ப்யூட்டர்தான், உள்ளே இரண்டு இருப்பது தெரியாது. கடைசியாக வந்த சாவியை மட்டுமே அது ஏற்கும். "கடைசியாப் பூட்டை மாத்துனவன் சாவிதானலே செல்லும்? ரெண்டு பேருக்கும் ஒரே சாவியக் குடுத்துட்டா?" அதற்கு வழி இருந்தது. முதலில் லினக்ஸில், அடுத்து விண்டோஸில் இணைத்து, விண்டோஸ் வைத்திருக்கும் எண்ணை எடுத்து லினக்ஸின் கோப்பில் எழுத வேண்டும். நான் எண்ணை வாசிக்க, அவன் வயர் கீபோர்டில் அடித்தான்.

வேலை செய்தது! சந்தோஷத்தில், எதற்கும் இருக்கட்டும் என்று லினக்ஸில் இன்னொரு தடவை இணைத்தான் பாருங்கள், புதுச் சாவி பிறந்து விண்டோஸ் மறுபடி அறுந்தது. "கட்டுன தாலிய அவுத்துட்டு மறுபடியுமாலே கட்டுவே?" என்று சிரித்தேன். அவன் திருப்பிச் சொன்னதை அச்சில் போட முடியாது. முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்தோம்.

கம்ப்யூட்டர் மறுபடி திறக்கும் சத்தம் கேட்டு மதினி வழக்கம்போல் ஓடி வந்தார். திரையில் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. "நீங்க போயி நிதானமாச் சாப்பிடுங்க மதினி" என்றான் குருசாமி. அவர் நம்பாமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். அதன் பிறகு, அடுத்து எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பதைக்கூட அணைக்கும் முன்பே கம்ப்யூட்டருக்குச் சொல்லிவைத்துவிடுவான்.

கருமாதி முடிந்த அன்று அண்ணன் கம்ப்யூட்டரைக் காட்டி, "பிள்ளைகளுக்கு எதுக்குய்யா ரெண்டு? ஒண்ணை அழிச்சுக் குடு" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மதினி அடுக்களையிலிருந்து வந்துவிட்டார்.

"அழிக்கப்படாது. முன்னெல்லாம் தம்பி மதினின்னு கூப்பிட்டா, எனக்கு வேலை இருக்குன்னு அர்த்தம். இந்த ரெண்டும் ஒழுங்கா ஓடுனதுக்குப் பொறவுதான் சும்மா பேசக் கூப்பிட்டுச்சு."

அண்ணன் கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடிவைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சும்மா கூப்பிட்ட அந்தக் குரல் மதினிக்கு உரியது, அவர் வைத்துக்கொள்ளட்டும். பொறுமைசாலி என்று இரங்கல் சொன்னவர்களே, குருசாமியிடம் பொறுமை ஒருநாளும் இருந்ததில்லை. இருந்தது கோபம். அதை நான் எடுத்துக்கொண்டேன். படுத்திருப்பவனுக்கு எதற்கு இரண்டும் என்று இனி எவராவது என் காதுபடக் கேட்கட்டும்.