இடப்பக்கம் சாய்ந்த சிரிப்பு

எங்கள் அக்கா சங்கரன்கோவிலில் பிறந்தார், இங்கேயே படித்தார், இங்கேயே தறி ஓட்டினார், இங்கேயே காலமானார். வாழ்க்கை வரலாறு எழுதுகிறவனுக்கு இவ்வளவு அலைச்சலை மிச்சப்படுத்திக் கொடுத்துப் போகிறவர்கள் குறைவு. பத்திரிகைகளுக்கு நகைச்சுவைத் துணுக்கு எழுதும் என்னிடம் இந்த நினைவு மலர் எழுதும் பொறுப்பு வந்ததில் உறவினர் சிலருக்குக் கவலை என்று அறிகிறேன். அக்கா இருந்திருந்தால் அவரும் கவலைப்பட்டிருப்பார்.

பத்தாம் வகுப்பு முடித்து விசைத்தறிக் கூடத்தில் சேர்ந்த புதிதில், ஓடும் தறியிலிருந்து நாடா தெறித்து வந்து அவர் முகத்தில் அடித்தது. குறுக்கு நூலைச் சுமந்துகொண்டு தறியின் இரு பக்கமும் பறக்கிற, இரும்பு முனை வைத்த மரக்கட்டை அது. தாடை உடைந்தது, உதடு கிழிந்தது. திருநெல்வேலியில் மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பியால் கட்டிவிட்டார்கள். தெருவிலேயே அதிகம் பேசுகிறவர் வாரக்கணக்கில் கஞ்சித் தண்ணியை உறிஞ்சிக்கொண்டு, கண்ணாலேயே எங்களைத் திட்டிக்கொண்டிருந்தார். கம்பியை எடுத்ததும் முதலில் சொன்னது என்னிடம்தான்: “ஏலே, அந்தக் கஞ்சிய இனி நீ குடி.”

எலும்பு கூடிவிட்டது; சற்றுத் தள்ளிக் கூடியது. பேசினாலோ சிரித்தாலோ வாய் இடப்பக்கமாக ஏறும். சும்மா இருக்கும்போது ஒன்றும் தெரியாது. அக்கா சும்மா இருந்த நேரம் குறைவு என்பதால் இந்தச் சலுகை யாருக்கும் பயன்படவில்லை.

இனித் தறிப்பக்கமே போகவேண்டாம் என்றார் அப்பா. அக்கா போனார். போனதும் முதல் வேலையாக, நாடா வெளியே பாயாதபடி தறிகளுக்குக் கம்பிவலை அடிக்கச் சொல்லி முதலாளியிடம் கேட்டார். அவர் அடுத்த மாதம் என்றார், தீபாவளி கழியட்டும் என்றார். “வலை அடிக்கியளா, இல்ல தெனமும் காலைல வந்து ஒங்க முன்னால நின்னு சிரிக்கட்டுமா அண்ணாச்சி?” என்று அக்கா கேட்டதைக் கூட வேலை பார்த்தவர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அந்த வாரமே வலை வந்தது. பிறகு பக்கத்துக் கூடத்துப் பெண்களும் தங்கள் முதலாளிமுன் சிரிக்க அக்காவை அழைத்துப்போனார்கள். பேச்சாளர்களை மேடைக்கு அழைப்பார்கள். சிரிப்பதற்காக அழைக்கப்பட்டவர் எங்கள் குடும்பத்தில் அவர் ஒருவரே. என்னை அழைத்ததில்லை.

இளையரசனேந்தலிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். வலக்கன்னம் மட்டும் தெரியும்படி நாற்காலியைச் சுவரோரம் போட்டுவைத்து, “ஏட்டி, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. சிரிச்சிராத” என்று அப்பா மன்றாடினார். அக்கா நாற்காலியை வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, வந்தவர்களைப் பார்த்து நன்றாகச் சிரித்தார்.

“நல்லாப் பாத்துக்கிடுங்க. பொறவு மறைச்சிட்டாங்கன்னு சொல்லக் கூடாதுல்லா.”

மாப்பிள்ளையாக வந்தவர் தம் தாயாரிடம், “காப்பி ஆறுது, குடிங்க. எனக்குப் பிடிச்சிருக்கு” என்றார். அவர்தான் எங்கள் அத்தான். மானாவாரிக் காட்டைத் தம்பியிடம் விட்டுவிட்டு இங்கே குடிவந்து, காலமெல்லாம் அந்தச் சிரிப்புக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவர்.

போன வருஷம் நெஞ்சுவலி வந்து, ஒரே நாளில் அக்கா எங்களை விட்டுப் போய்விட்டார். பதினாறாம் நாள் படத்துக்கு, ஸ்டுடியோவில் வழக்கம்போல எல்லாம் சேர்த்துத் தந்தார்கள்: பட்டுப்புடவை, நெற்றி நிறையக் குங்குமம், பின்னால் மேகம். கேட்காமலே வாயையும் நேராக்கியிருந்தார்கள். எங்களுக்கெல்லாம் பரம திருப்தி. என் முகத்தையும் இப்படிச் செய்யலாமா என்று விசாரித்தேன். “அதுக்கு நாளாகும் அண்ணாச்சி” என்றார் ஸ்டுடியோக்காரர்.

அத்தான் அந்தப் படத்தின் முன் வெகுநேரம் நின்றார்.

“மாப்ள, மாலை போட்டாச்சு, சரி. இந்தம்மா யாரு?”

நான் படத்தின் மாலையைச் சரிசெய்தேன்.

“அவ ஒளிக்காதத நாம ஒளிக்கலாமா? நாளைக்குப் பேரன் வேற யாரையோ ஆச்சின்னு கும்பிடுவான்.”

அன்று வந்தவர்கள் எல்லோரும் யாரோ ஒரு அம்மாளைக் கும்பிட்டுச் சென்றார்கள். இந்த ஆண்டு நினைவுக்கு அப்படி நேரக்கூடாது என்று, ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் அக்காவின் மகள் செல்போனில் எடுத்த படத்தை இம்மலரின் அட்டையில் போட்டிருக்கிறோம். வாய் தாராளமாக இடப்பக்கம் ஏறியிருக்கிறது. எங்கள் வம்சத்தில் இவ்வளவு அழகான முகம் வேறு கிடையாது என்பதை, என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

உடைந்த தாடையைக் கூட்டிவைத்த மருத்துவர்களுக்கும், அன்று தறியை நிறுத்திவிட்டு அக்காவைத் தூக்கிக்கொண்டு ஓடிய தோழியருக்கும், கடைசி நாளில் உடனிருந்த அண்டை வீட்டாருக்கும், எதையும் திருத்தாமல் படம் போடச் சொன்னபோது மனம் வருந்தினாலும் அப்படியே செய்து தந்த ஸ்டுடியோக்காரருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இந்த மலரில் எழுத்துப்பிழைகள் இருந்தால் பொறுத்தருள வேண்டும். பிழை திருத்த அச்சகத்திலிருந்து வந்த ஒரே பிரதியை அத்தானிடம் காட்டினேன். அட்டையைப் பார்த்தார். “ம், வந்துட்டா” என்று வாங்கிக்கொண்டு உள்ளே போனார். திருப்பிக் கேட்க எனக்குத் தைரியமில்லை.