ரீஸ்டார்ட்டாரும் பறந்துபோன அப்டேட்டும்

எங்கள் பட்டறையில் அவரை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. முதலாளியின் மனைவிக்கு உடன்பிறந்த தம்பி. ஆகவே முதலாளிக்கு மச்சான். மற்றவர்களுக்கு அவர் முதலில் 'ரீஸ்டார்ட்' ஆக இருந்தார். வயதையும் உறவையும் உத்தேசித்து அதை 'ரீஸ்டார்ட்டார்' என்று உயர்த்தியவன் நான். அவரும் அதை ஒரு பட்டமாகவே ஏற்றுக்கொண்டார்.

அவருடைய கணினிப் புலமை ஒரு தொலைக்காட்சிப் பெட்டியில் தொடங்கியது. அக்கா வீட்டில் படம் தெரியவில்லை என்று எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, இவர் எழுந்து பிளக்கைப் பிடுங்கி, பத்து எண்ணி, மறுபடியும் செருகினார். படம் வந்தது. அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் மின்சாரம் பாயும் பொருள்கள் அனைத்தும் அவருடைய ஆட்சிக்கு உட்பட்டன. தம் தந்தையாரின் காதுக்கருவியையும் அவர் இம்முறையிலேயே குணப்படுத்தினார். கருவி அணைந்திருந்த அந்தப் பத்து வினாடிகள் தாம் மிக நிம்மதியாக இருந்ததாகப் பெரியவர் பிற்பாடு என்னிடம் தெரிவித்தார்.

எங்களுடையது மரக்கதவுப் பட்டறை. கணினியில் பூவும் கொடியும் வரைந்து கொடுத்தால் மெஷின் அதைப் பலகையில் செதுக்கும். அந்த மெஷினில் ஒன்பது ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவன் நான். வகுப்புக்குப் போய்க் கற்றதில்லை. குப்பைக்குப் போகவிருந்த கையேட்டை வாங்கிவைத்துக்கொண்டு, பக்கம் பக்கமாகச் செய்து பார்த்துக் கற்றேன். கையேடு இன்னமும் என்னிடம் இருக்கிறது.

நான்கு ஆண்டுகளுக்கு முன் படம் வரைவதற்கு ஒரு புதிய புரோகிராமை ரீஸ்டார்ட்டார் கொண்டுவந்தார். கூடவே, காலையில் கணினியைத் திறந்ததும் செய்யவேண்டிய ஐந்து காரியங்களைத் தம் கைப்பட எழுதிச் சுவரில் ஒட்டினார். திரையைத் துடைப்பதில் தொடங்கும் அந்த ஐந்தையும் தினமும் நான் பல் துலக்குவதுபோலச் செய்து வந்தேன். பல் துலக்குகிறவன் யோசிப்பதில்லை.

இந்த ஆண்டு முதலாளி ஒரு பெரிய மெஷினுக்கு ஏற்பாடு செய்தார். கணினியின் இயங்குதளத்தை அப்டேட் செய்து வைத்தால்தான் அதை இணைக்க முடியும் என்று மெஷின் கம்பெனி கடிதம் எழுதியது. இல்லாவிட்டால் மெஷின் அடுத்த பட்டறைக்குப் போய்விடும். இதற்காகவே முதன்முதலாக இணைய இணைப்பு வந்தது. ரீஸ்டார்ட்டார் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு அப்டேட் பொத்தானை அழுத்தினார். சிவப்பு எழுத்தில் ஒரு பிழைச் செய்தி வந்தது. ரீஸ்டார்ட் செய்தார். மறுபடியும் அதே செய்தி. அன்று மாலைக்குள் பத்தொன்பது முறை ரீஸ்டார்ட் நடந்தது. நடுவில் மவுஸையும் மாற்றிப் பார்த்தார்.

இருபதாவது முறைக்குப் பதிலாக அவர் ஒரு குற்றவாளியைக் கண்டுபிடித்தார். வாரம் ஒருமுறை கம்ப்ரஸர் காற்றை அடித்துக் கணினிக்குள் படிந்த மரத்தூளை வெளியேற்றுவது என் வழக்கம். அன்று காலையிலும் அடித்திருந்தேன். "காத்து வேகமா அடிச்சதுல அப்டேட் பண்ற பாகம் பறந்து போயிருக்கு அத்தான்" என்று அவர் முதலாளியிடம் சொன்னார். அப்படியொரு பாகமே கிடையாது என்று நான் சொன்னேன். அது பறந்துவிட்டதால்தான் கிடையாது என்றார். அவர் தூள் குவியலைச் சலித்துப் பார்த்ததை இரண்டு தச்சர்கள் கண்ணால் கண்டார்கள்.

மறுநாள் முதலாளியின் கையெழுத்தில் எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதன்படி நான் மெஷினிலிருந்து உப்புத்தாள் தேய்க்கும் வேலைக்கு மாற்றப்பட்டேன். பழுதாக்கியவனே பழுதை நீக்கவேண்டும். அதுவும் சாப்பாட்டு இடைவேளையில். அடுத்த சனிக்கிழமை மெஷின்காரர் வருவதற்குள் அப்டேட் ஆகவில்லையென்றால் உப்புத்தாளே எனக்கு நிரந்தரம். மெஷின் கைநழுவிப் போனாலும் எனது பழைய நாற்காலியில் ரீஸ்டார்ட்டார் அமர்வார். கடிதத்தைப் பெற்றுக்கொண்டதற்கு ஒப்பமிட்டு, ஒரு நகல் எடுத்துவைத்தேன்.

அன்றிலிருந்து நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டு, வழக்கமான ஐந்து காரியங்களோடு கணினியில் உட்கார்ந்தேன். ஒரு நாளைக்கு ஒரே ஒரு மாற்றம் என்று வகுத்துக்கொண்டேன். இரண்டை ஒன்றாகச் செய்தால் எது பலித்தது என்று தெரியாது. முதல் நாள் கணினியின் ஹார்ட் டிஸ்க்கில் இடம் போதுமா என்று பார்த்தேன், போதும். அடுத்து, பாதியில் இறங்கிக் கிடந்த அப்டேட் கோப்புகளை அழித்தேன். அப்டேட் சேவையை நிறுத்தி மறுபடி தொடங்கினேன். வைரஸ் தடுப்பை அணைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் வந்த பிழைச் செய்தியை அச்சிட்டு, மூலையில் வரிசை எண் இட்டுக் கோப்பில் சேர்த்தேன். தேதியை நான் எழுதவில்லை. தாளின் தலையில் கணினியே அச்சிடுகிறதல்லவா? ரீஸ்டார்ட்டார் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, பறந்தது கிடைத்ததா என்று விசாரித்துவிட்டுப் போவார். எனக்கும் சேர்த்துத் தேநீர் சொல்லி அனுப்புவார் என்பதையும் இங்கே பதிவு செய்யவேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை, ஒன்பது தாள்களையும் உணவு மேசையில் பரப்பி வைத்திருந்தேன். என் மனைவி தட்டு வைக்க இடம் தேடி, அவற்றை ஒன்றாகச் சேர்த்தவள் அப்படியே நின்றாள்.

"ஏங்க, ஒன்பது நாளா ராப்பகலா யோசிச்சு பாத்த வேலைன்னீங்களே?"

"ஆமா. அதுக்கென்ன?"

"ஒன்பதையும் ஒரே நாள்லதான் அடிச்சிருக்கீங்க. அதுவும் நாலு வருஷத்துக்கு முன்னாடி."

வாங்கிப் பார்த்தேன். மார்ச் ஒன்பது, செவ்வாய்க்கிழமை. ஒன்பது தாளிலும் அதே செவ்வாய்க்கிழமை. சாப்பிடாமல் கிளம்பினேன்.

சுவரிலிருந்த காகிதத்தின் மூன்றாம் வரியை அன்றுதான் படித்தேன் என்று சொல்லவேண்டும். 'தேதியை மார்ச் ஒன்பதுக்குத் திருப்பவும்.' அந்தப் படம் வரையும் புரோகிராம் முப்பது நாள் இலவசமாக ஓடிவிட்டுப் பிறகு நின்றுவிடும் வகை. முப்பது நாள் முடியாமலிருக்க ரீஸ்டார்ட்டார் கண்ட வழி, முதல் நாளே முடியாமல் பார்த்துக்கொள்வது. அதனால் எங்கள் கணினி நான்கு ஆண்டுகளாக ஒரே செவ்வாய்க்கிழமையில் குடியிருந்தது. அப்டேட் அனுப்பும் இடமோ சான்றிதழ் காட்டித்தான் பேசும். அந்தச் சான்றிதழ் வழங்கப்பட்டது இந்த ஆண்டு. செவ்வாய்க்கிழமையில் இருப்பவனுக்கு அது இன்னும் பிறக்காத சான்றிதழ். போலி என்று எங்கள் கணினி கதவைச் சாத்திவிட்டது. இதில் என் பங்கையும் மறைப்பதற்கில்லை. நான்கு ஆண்டுகள் தேதியைத் திருப்பிய விரல் என்னுடையது.

காகிதத்தை உரித்தெடுத்து, ஒன்பது தாள்களோடு முதலாளியின் மேசையில் வைத்தேன். ரீஸ்டார்ட்டாரும் அழைக்கப்பட்டார். முதலாளி நிதானமாகப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"மச்சான், இது யார் கையெழுத்து?"

மறுக்க வழியிருந்தது, காகிதத்தில் பெயர் இல்லை. அவர் மறுக்கவில்லை.

"என்னுதுதான் அத்தான்."

"அப்போ காத்துல பறந்தது எது?"

"இப்போ பறக்குதே, என் மானம், அதுவாத்தான் இருக்கும்."

தேதியைச் சரிசெய்தேன். பொத்தானை அழுத்தியதும் அப்டேட் எந்தப் பேச்சும் பேசாமல் இறங்கத் தொடங்கியது. மாலை நான்கு மணிக்கு வேலையை முடித்துக்கொண்டு, ரீஸ்டார்ட் செய்யவேண்டும் என்று திரையில் கேட்டது. பட்டறையே கூடி நின்றது. நான் மவுஸை ரீஸ்டார்ட்டார் பக்கம் நகர்த்தினேன்.

"இது உங்க இலாகா. நீங்களே அழுத்துங்க."

சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு அழுத்தினார். அவர் வாழ்நாளில் கணினியே கேட்டு நடந்த முதல் ரீஸ்டார்ட் அது.

சனிக்கிழமை மெஷின் வந்தது, இணைந்தது, நாற்காலி எனக்குத் திரும்பியது. போய் உட்காருங்கள், நடந்ததை மறந்துவிடுங்கள் என்றார் முதலாளி. உட்காருகிறேன், ஆனால் எச்சரிக்கை எழுத்தில் வந்ததால் அதை நீக்குவதும் எழுத்தில் வரவேண்டும் என்றேன். அதைத் தயாரிக்கும் பொறுப்பு ரீஸ்டார்ட்டாருக்கு விழுந்தது. பாதியில் நின்ற ஒரு ஜோடிக் கதவை முடிப்பதற்காக அன்று பழைய புரோகிராமைக் கடைசி முறையாகத் திறந்திருந்தார்கள். அதே கணினியில், இரண்டு விரலால், ஒரு மணி நேரம் தட்டி, முதலாளியிடம் ஒப்பம் வாங்கிக்கொண்டு வந்து நீட்டினார். நான் எந்தத் தவறும் செய்யவில்லை என்றும், காற்று அடித்தது முறையே என்றும் அதில் கண்டிருந்தது. தலையில் கணினி தானாக அச்சிட்ட தேதி: மார்ச் ஒன்பது, செவ்வாய்க்கிழமை.

பழைய புரோகிராமுக்காகத் திருப்பிய தேதி அப்படியே நின்றிருந்ததைக் கவனித்துவிட்டு அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "பேனாவால திருத்தித் தரட்டுமா?"

வேண்டாம் என்று வாங்கிக் கோப்பில் வைத்தேன். தேதிவாரியாக அடுக்குவது என் வழக்கம். ஆகவே அது எச்சரிக்கைக் கடிதத்துக்கு முன்னால் இருக்கிறது. என்மீது குற்றம் சாட்டப்படுவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே நான் குற்றமற்றவன் என்பதற்கு ஒப்பமிட்ட சான்று என்னிடம் உள்ளது.