வீட்டுக்கு அனுப்பும் வக்கீல்

சிறுவர் நீதிமன்றத்தில் அவரைப் பெயர் சொல்லி யாரும் அழைப்பதில்லை. வாசல் காவலரில் தொடங்கி எல்லோருக்கும் அவர் ‘வீட்டு வக்கீல்’தான். திருட்டோ அடிதடியோ, எந்தப் பிள்ளை எந்த வழக்கில் வந்தாலும் வாதாடி வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்பதால் வந்த பட்டம் அது. கேலியாகத்தான் ஆரம்பித்தார்கள். அவருக்கு அதில் உள்ளூரப் பெருமை. இல்லையென்று அவர் சொன்னால் நம்பவேண்டாம்.

வக்கீல்களிடையே அந்த நீதிமன்றத்துக்குப் பெரிய மதிப்புக் கிடையாது. சாதாரண அறை. கூண்டு இல்லை, மேடை இல்லை. சாப்பாட்டு மேசை போன்ற ஒன்றுக்கு ஒரு பக்கம் நீதிபதி, எதிர்ப்பக்கம் பிள்ளை. பிள்ளைகள் மிரளும் என்பதால் கறுப்பு அங்கிக்கும் தடை. அங்கியைக் கழற்றச் சொன்னால் பாதி வக்கீல்களுக்குப் பேச்சே வராது. இவரோ தலை நரைக்கும்வரை அங்கேயே குப்பை கொட்டினார். “உன்கூடப் படிச்சவங்க பெரிய கோர்ட்டுல கத்திக் கத்திப் பேர் வாங்கிட்டாங்க. நீ இன்னும் இங்க கெஞ்சிக்கிட்டே இருக்கே” என்பார் கணவர். கெஞ்சினாலும் காரியம் நடக்கிறதே என்பது இவருடைய பதில்.

அவருக்கென்று ஒரு வழக்கம் உண்டு. வழக்குக்கு முன் பிள்ளையோடு பேச உட்காரும்போது, கூட வந்தவர்களை முதலில் கிளப்பிவிடுவார். “போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. மெதுவா வந்தா போதும்.” பெற்றவர்கள் முகம் சுருங்கும். அதற்கெல்லாம் அவர் மசிய மாட்டார். கதவைச் சாத்திவிட்டுப் பிள்ளையிடம் சொல்வார்: “நான் உன் வக்கீல். உங்க அப்பா அம்மாவோட வக்கீல் இல்ல. நீ என்ன கேக்கறியோ அதைத்தான் நான் அங்க கேப்பேன்.” அவர் தொழில் மொத்தமும் அவ்வளவுதான். உனக்கு எது நல்லது என்று சொல்ல அந்தக் கட்டடத்தில் ஒரு பட்டாளமே இருந்தது. உனக்கு என்ன வேண்டும் என்று கேட்க இவர் ஒருவர்தான்.

அந்த ஒரு கேள்வியைத்தான் ஒருநாள் கேட்காமல் விட்டார்.

அன்று வழக்குகள் வரிசை கட்டி நின்றன. ஒரு செருப்புக் கடையின் கண்ணாடியைக் கல்லால் உடைத்ததாகப் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தியை அழைத்து வந்திருந்தார்கள். அவளோடு அம்மாவும் அண்ணனும் வந்திருந்தார்கள். அம்மா நடைபாதையில் சுவரோரமாக நின்றுகொண்டார். அண்ணன் மடிப்புக் கலையாத சட்டையில், கேட்கும் முன்பே எல்லாச் சான்றிதழ்களையும் நகலெடுத்துக் கொண்டுவந்திருந்தான். நிரந்தர வேலை, பணிவான பேச்சு. இப்படி ஒரு உறவுக்காரர் கிடைத்தால் வக்கீலுக்குப் பாதி வேலை மிச்சம். “நான் கூட உக்காரட்டுமா மேடம்? அவ கொஞ்சம் கூச்ச சுபாவம்” என்றான். உட்காரு தம்பி என்று சொல்லிவிட்டார். கேள்விகளுக்கெல்லாம் அவனே பதில் சொன்னான். தங்கை தலையை ஆட்டினாள்.

வாதம் அமர்க்களமாக நடந்தது. “கண்ணாடியை உடைச்சவங்க ஓடிப்போவாங்கய்யா. இந்தப் பொண்ணு கடைப் படியிலேயே உக்காந்து போலீஸ் வர்றவரைக்கும் காத்திருந்திருக்கு. செஞ்ச தப்புக்குத் தானே பொறுப்பேத்துக்கற பிள்ளையைக் காப்பகத்துல வைக்கறது நியாயமா? பொறுப்பான அண்ணன் இருக்காரு.” அரசு வக்கீலுக்கு மறுத்துப் பேச ஒன்றும் அகப்படவில்லை. மதிய இடைவேளை முடிந்ததும் உத்தரவில் கையெழுத்துப் போட்டு அண்ணனோடு அனுப்பிவிடுவதாக நீதிபதி சொன்னார்.

நல்ல சேதியைச் சொல்லும் சந்தோஷத்தில் பக்கத்து அறைக்குப் போனார் வக்கீல். பெண் காவலரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, “அவ்ளோதான் கண்ணு. சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம்” என்றார்.

“வீட்டுக்குப் போகணும்னு நான் உங்ககிட்ட சொன்னேனா?”

வக்கீலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “ஏம்மா, உடைச்சதும் ஓடியிருக்கலாமே. நீ ஏன் ஓடல?”

“ஓடினா எங்க போறது? வீட்டுக்குத்தானே போகணும்.” அவளே தொடர்ந்தாள். “கல்லெறிஞ்சா போலீஸ் கூட்டிட்டுப் போயிடும்னு நெனச்சேன்.”

அவளுடைய வலது மணிக்கட்டு லேசாகக் கோணியிருந்தது. காலையிலும் அது அப்படித்தான் இருந்திருக்கும். “மாடிப்படியில விழுந்துட்டேன்னு எங்க வீட்டுல ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. நான் விழல மேடம்.”

“அண்ணனா?”

அவள் தலையாட்டினாள். காலையில் ஆட்டியது போல் இல்லை.

“காலையிலேயே எங்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா.”

“அவன் பக்கத்துலயே உக்காந்திருந்தான். நீங்கதான் உக்காரச் சொன்னீங்க.”

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது வக்கீலுக்கு. அவமானமாக இருந்தது. எத்தனையோ பெற்றோரை முகத்துக்கு நேரே வெளியே அனுப்பியவர், ஒரு நல்ல சட்டையைப் பார்த்து ஏமாந்துபோனார். எழுந்தார். “சரி, ஐயாகிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன்.”

“வேண்டாம் மேடம்! என்னைக் காப்பகத்துக்கு அனுப்பச் சொல்லுங்க, காரணம் மட்டும் சொல்லாதீங்க. அம்மா இன்னைக்கு அவன்கூடத்தான் வீட்டுக்குப் போகணும். விஷயம் வெளிய வந்துச்சுன்னு தெரிஞ்சா அம்மாவை அடிப்பான். அம்மாவுக்கு ஒரு வழி பண்ணிட்டு அப்புறம் சொல்லுங்க.”

இப்போது வக்கீல் கைகள் இரண்டும் கட்டப்பட்டன. கேட்டது கேட்டபடி சொல்வேன் என்பது அவர் கொடுத்த வாக்கு. சொல்லாதே என்பதும் அதில் அடக்கம்.

இடைவேளை முடிந்து நீதிபதி பேனாவைத் திறந்தபோது வக்கீல் எழுந்து நின்றார். குடும்பத்தினர் வெளியே இருக்கட்டும் என்று அனுமதி கேட்டு வாங்கினார். கதவு சாத்தியதும் சொன்னார்: “காலையில கேட்டதை வாபஸ் வாங்கறேங்கய்யா. இந்தப் பொண்ணைக் காப்பகத்துக்கே அனுப்பணும்.”

அரசு வக்கீல் வாய்விட்டுச் சிரித்தார். “வீட்டு வக்கீலுக்கு வீடு கசந்துபோச்சா?”

நீதிபதிக்குச் சிரிப்பு வரவில்லை. “விளையாடறீங்களா? மத்தியானத்துக்குள்ள என்ன மாறிப்போச்சு?”

“அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லைங்கய்யா.”

“பிள்ளைக்கு எது நல்லதுன்னு யோசிச்சுதான் பேசறீங்களா?”

“அதை நீங்க முடிவு பண்ணுங்கய்யா. காலையில நான் அண்ணன் சொன்னதைச் சொன்னேன். தப்பு என்னோடது. இப்போ இவ சொல்றதைச் சொல்றேன்.”

நீதிபதி அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்படியாம்மா?”

“ஆமாங்கய்யா.” அன்று அந்த அறையில் அவள் வாய் திறந்து சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

நீதிபதி எழுதி வைத்திருந்த தாளை ஓரமாக வைத்தார். பெண் காப்பகத்தில் இருக்கட்டும், சமூகப் பணியாளர் அவளையும் அம்மாவையும் தனித்தனியாகப் பார்த்து அறிக்கை தரட்டும் என்று வேறொரு தாளில் எழுதினார். அரசு வக்கீல் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

நடைபாதையில் அண்ணன் வழியை மறித்தான். பணிவு போன இடம் தெரியவில்லை. “என்ன மேடம் இது? எங்களுக்காகப் பேசத்தானே வந்தீங்க?”

“உங்களுக்காக இல்ல தம்பி. அவளுக்காக.”

அவன் கைப்பேசியை எடுத்துக்கொண்டு யாருக்கோ புகார் சொல்ல நகர்ந்தான். அந்த நேரம் பார்த்து அம்மா வந்தார். ஏன் எதற்கு என்று ஒன்றும் கேட்கவில்லை. ஒரு துணிப்பையை வக்கீல் கையில் திணித்துவிட்டு மறுபடியும் சுவரோரம் போய் நின்றுகொண்டார். பையில் மகளுடைய மாற்றுத்துணிகள், சீப்பு, துண்டு எல்லாம் மடித்து வைக்கப்பட்டிருந்தன. மகளை வீட்டுக்கு அழைத்துப்போக வந்தவர் காலையிலேயே இதையெல்லாம் எதற்கு எடுத்து வைத்தார் என்று வக்கீல் அவரிடம் கேட்கவில்லை. சமூகப் பணியாளரைத் தேடிப் பிடித்து, முதலில் அந்த அம்மாவைப் பாருங்கள், இன்றைக்கே பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார்.

காப்பக வண்டி பின்வாசலில் நின்றது. பையை வாங்கிக்கொண்ட பெண், ஏறும் முன் திரும்பினாள்.

“மேடம், அங்க ராத்திரி ரூமைப் பூட்டிடுவாங்களாமே?”

இந்தக் கேள்வியை எத்தனையோ பிள்ளைகள் அவரிடம் அழுதுகொண்டே கேட்டிருக்கிறார்கள். ஆறுதலாக ஏதாவது சொல்ல வாயெடுத்தவர், பொய் சொல்ல மனம் வராமல், “ஆமாம்மா” என்றார்.

“அப்ப சரி” என்று சொல்லிவிட்டு அவள் வண்டியில் ஏறிக்கொண்டாள்.