மரண அறிவித்தலில் விடுபட்டவர்கள்

எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால் அழுவதற்கு முன்பே சண்டைக்கு ஆயத்தமாக வேண்டும். மரண அறிவித்தலில் யார் யார் பெயரைப் போடுவது என்பதுதான் சண்டை. கனடா மருமகள், லண்டன் பெறாமகன், சம்பந்தி வீட்டார் என்று எல்லாரும் வரிசையாக வரவேண்டும். ஒரு பெயர் விடுபட்டால் போச்சு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிவதற்குள் இரண்டு குடும்பங்கள் முகம் பார்க்காமல் போய்விடும்.

பல்கலைக்கழகத்தில் தற்காலிக விரிவுரையாளராகச் சேர்ந்த புதிதில், அப்படி விடுபட்டவர்களைப் பற்றித்தான் ஆராயத் தொடங்கினேன். "படிச்சுப் படிச்சுக் கடைசியிலை செத்தவீட்டு நோட்டீசோ?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார். என்னோடு சேர்ந்து செய்தவள் குருநகர்த் தோழி, அவளும் தற்காலிகம்தான். பேட்டி எடுக்க மானிப்பாய்ப் பக்கம் எனக்கு, வல்வெட்டித்துறைப் பக்கம் அவளுக்கு. ஸ்கூட்டியில் அலைந்து, வெயிலில் கறுத்து அவள் எடுத்த பேட்டிகள்தான் கட்டுரையின் பாதி. நல்ல பாதியும் அதுதான். என்னிடம் சனம் "நீர் ஆரின்ரை மகள்?" என்று விசாரித்தே பொழுதைப் போக்கிவிடும். அவளிடம் அழுது தீர்க்கும்.

கேள்விகள் சரிதானா என்று பார்க்க, முதல் பேட்டியை எங்கள் துறைத் தலைவரிடமே எடுத்தேன். ஒத்திகை என்றுதான் நினைத்தேன். மனிதர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தன் சித்தப்பாவின் கதையைத் தொடங்கிவிட்டார்.

"ஆஸ்பத்திரியிலை கடைசி மட்டும் கால்மாட்டிலை இருந்தவன் நான். பேர் போட்டது போனிலை சுகம் கேட்டவைக்கு. அண்டு தொட்டு அந்த வீட்டுப்படி மிதிக்கேல்லை."

சொல்லி முடித்ததும் அவருக்கே வெட்கமாகிவிட்டது. "கட்டுரையிலை போட்டால் போடும். ஆனா ஆர் சொன்னதெண்டு ஒருத்தருக்கும் தெரியப்படாது" என்றார். வாக்குக் கொடுத்தேன்.

கட்டுரை முடிவதற்குள் தோழியின் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. வீட்டில் இருந்தபடி வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தாள். காட்டுவதற்கு அவளிடம் இருந்தது இந்த ஒரு கட்டுரைதான்.

இதழுக்கு அனுப்புமுன் அதைத் துறைத் தலைவரிடம் ஒப்புதலுக்குக் கொண்டுபோனேன். உள்ளே புரட்டவே இல்லை. முதற்பக்கத்தில், எழுதியவர்கள் பெயர் இருந்த இடத்தில் பேனாவை வைத்தார். முதலில் தன் பெயர். பிறகு பீடாதிபதி. பிறகு கணினி அறையைத் திறந்துவிட்டவர். பிறகு, தேநீர் குடித்தபடி ஒருநாள் "நல்ல தலைப்பு" என்று சொன்னவர். கெட்ட மனிதர் அல்ல அவர். எவர் மனமும் நோகக்கூடாது என்று நினைப்பவர். கல்யாணக் கார்ட் எழுதுவதுபோல் ஒவ்வொருவராக நினைத்து நினைத்துச் சேர்த்தார். கடைசியில் இடம் நெருக்கமாகிவிட, தோழியின் பெயரை வெட்டினார்.

"அவ இப்ப எங்கடை ஆளில்லைத்தானே?"

எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. 'உங்கடை சித்தப்பா வீட்டிலையும் உப்பிடித்தானே செய்தவை?' என்ற கேள்வி நுனிநாக்குவரை வந்துவிட்டது. கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே வென்றிருப்பேன். ஆனால் நம்பிச் சொன்ன கதையை அவரையே அடிக்கும் தடியாக்கலாமா? கஷாயம்போல் விழுங்கினேன்.

"அவவின்ரை பேர் இல்லையெண்டால் என்ரை பேரும் வேண்டாம், சேர்."

என் ஒப்பந்த நீடிப்புக்குக் கையெழுத்து வைக்க வேண்டியவரும் அவர்தான். அது வாயை மூடிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

"வைச்சிட்டுப் போம்" என்றார், முகம் பார்க்காமல்.

பின்னேரம் மருதனார்மடம் ஆஞ்சநேயரிடம் போனேன். வேலையைக் கேட்கவில்லை. இந்த மனிதர் கட்டுரையை ஒருமுறை வாசித்தால் போதும் என்று கும்பிட்டேன். மலையைத் தூக்கியவருக்கும் அது கொஞ்சம் கஷ்டமான வேலைதான்.

மறுநாள் கூப்பிட்டு அனுப்பினார். மேசையில் கட்டுரை நடுப்பக்கத்தில் விரிந்து கிடந்தது.

"உதிலை, ஆஸ்பத்திரியிலை கால்மாட்டிலை இருந்தனெண்டு சொல்லுறது ஆர்?"

"சொல்லேலாது, சேர். வாக்குக் குடுத்திட்டன்."

"எனக்குமோ?"

"ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

அந்தப் பக்கத்தை இன்னொருமுறை வாசித்தார். "பாவம், அந்த மனிசன்" என்றார்.

பிறகு முதற்பக்கத்தைத் திருப்பி, தேநீர்க்காரரை வெட்டினார். கணினி அறையை வெட்டினார். பீடாதிபதியின் பெயரில் பேனா சற்றுத் தயங்கியது, அதையும் வெட்டினார். தன் பெயரையும் வெட்டினார். தோழியின் பெயரைத் தன் கையாலேயே திரும்ப எழுதினார், அதுவும் என் பெயருக்கு முன்னால். அதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான், மறைப்பானேன்?

கட்டுரையை வாங்கிக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டேன்.

"பிள்ளை" என்று கூப்பிட்டார். "கடைசியிலை நன்றி சொல்லுற இடம் ஒண்டு இருக்கெல்லே?"

"ஓம், சேர்."

"அதிலை என்ரை பேரைப் போடும்." கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். "விட்டிடாதையும்."