நடுக்கூடையைத் திறந்தவள்

என் பெண்டாட்டி ஜெப்சிக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். சொன்னால் புரியாது, புரிந்தாலும் நம்ப மாட்டார்கள். "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தால், ஆதார் கார்டில் பெயர் திருத்த வேண்டும் என்று தங்கச்சிமடத்தில் பாதிப் பேர் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். அதனால் ஒரே ஒரு தடவை பொறுமையாகச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

டேட்டாபேஸ் என்று ஒன்று இருக்கிறது. கோடிக்கணக்கான விவரங்களைப் போட்டு வைக்கிற கிடங்கு. 'இதையெல்லாம் எடைவாரியாகப் பிரி, பிரித்ததை எடை வரிசையில் அடுக்கு' என்று கேட்டால், பிரித்து அடுக்கித் தரும். அதற்குள் ஆப்டிமைசர் என்று ஒரு பகுதி. எந்த வேலையைச் செய்யலாம், எதைச் செய்யாமல் விடலாம் என்று முன்கூட்டியே தீர்மானிப்பது அதுதான். பிரிக்கும்போதே எல்லாம் வரிசையாக வந்து விழுந்துவிட்டால், மறுபடி அடுக்குவானேன் என்று விட்டுவிடும். விட்டால் நேரம் மிச்சம். ஆனால் வரிசையில் இல்லாததை வரிசை என்று நம்பி விட்டுவிட்டால் பதில் தப்பு. விட வேண்டிய இடத்தில் விடுகிறதா, விடக் கூடாத இடத்தில் ஏமாற்றுகிறதா என்று சோதிப்பதுதான் ஜெப்சியின் உத்தியோகம். அதாவது, ஒரு சோம்பேறியை வேவு பார்க்க அவளுக்குச் சம்பளம். வாய்த்த புருசன் நான்.

அவள் பாம்பன்காரி. கீழக்கரையில் இன்ஜினியரிங் படித்து, சென்னையில் மூன்று வருடம் வேலை பார்த்து, கொரோனாவில் லேப்டாப்போடு ஊர் திரும்பினாள். என்னைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டாள். ஒரே விஷயத்தை இரண்டு விதமாகக் கேட்டு, பதில் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது அவள் வேலையில் ஒரு முறை. வீட்டிலும் அதே பாடுதான். காலையில், "நேத்து சாயங்காலம் எங்க போயிருந்தீங்க?" என்பாள். "கோயிலுக்கு" என்பேன். மதியம் சோறு போடும்போது சும்மா கேட்கிற மாதிரி, "நேத்து எத்தனை கை சீட்டாட்டம்?" என்பாள். "அஞ்சு கை" என்று வாய் தானாகச் சொல்லிவிடும்.

"கேள்வியை மாத்திக் கேட்டா பதில் மாறக் கூடாதுங்க. மாறுனா பிழை இருக்குன்னு அர்த்தம்" என்று சிரிப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன பிப்ரவரியில் அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். டேட்டாபேஸின் புதிய பதிப்பு அந்த வெள்ளிக்கிழமை வெளிவர வேண்டும். எட்டுக் கோடி விவரங்களைப் போட்டுப் பார்த்தால் வரிசை குலைகிறது என்று இவள் சொல்கிறாள். ஏன் குலைகிறது என்று இவளுக்கும் தெரியவில்லை. சென்னையில் மேனேஜர் ஜெயப்பிரியா மேடம் தன் மெஷினில் கொஞ்சம் விவரத்தை மட்டும் போட்டு ஓட்டி, முதல் இருபது வரியையும் கடைசி இருபது வரியையும் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியாத்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டார். ஏற்கெனவே இரண்டு தடவை ஜெப்சி பிழை என்று வெளியீட்டை நிறுத்தச் சொல்லி, இரண்டும் வெத்துப் பயமாகப் போயிருந்தன. புதன்கிழமை காலை மீட்டிங்கில் காரணம் சொல்ல வேண்டும். மூன்றாவதும் பொய்யானால் அவளுடைய வேலை ஒப்பந்தத்தை நீட்டிக்க முடியாது என்றார்கள்.

"வேலை போச்சுன்னா மறுபடி சென்னையிலதான் தேடணும்" என்றாள். நான் கடலை விட்டு வர மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். அவள் அங்கன, நான் இங்கன.

இந்த இடத்தில் நண்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் கரையில் நண்டு ஏலத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. வள்ளத்திலேயே தரம் பிரித்து, பெரிய நண்டு முதல் கூடையிலும் பொடிநண்டு கடைசிக் கூடையிலும் வருகிற மாதிரி வரிசையாக வைக்க வேண்டும். வியாபாரி முதல் கூடையையும் கடைசிக் கூடையையும் மட்டும் திறப்பார். நடுவில் இருப்பதை அவரே ஊகித்து, மொத்த வரிசைக்கும் ஒரு விலை கேட்பார்.

நானும் என் மச்சான் யேசுதாசும், அதாவது ஜெப்சியின் அண்ணன், இரண்டு வள்ளத்து நண்டையும் ஒரே வரிசையாக வைப்போம். முதலில் என் கூடைகள், பெரிதிலிருந்து பொடி வரை. அதன் பின்னால் அவன் கூடைகள், மறுபடியும் பெரிதிலிருந்து பொடி வரை. என் பொடிநண்டு நடுவில் கமுக்கமாக உட்கார்ந்திருக்கும். மோசடி என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். வலையிலிருந்து ஒவ்வொரு நண்டாகக் கழற்றி, விரலெல்லாம் கடி வாங்கி வந்தவனை, எல்லாவற்றையும் கலந்து திரும்பப் பிரி என்றால் எவனுக்குப் பொறுமை இருக்கும்? சோம்பல், அவ்வளவுதான். அதில் விலை கொஞ்சம் கூட வந்தால் அது ஆண்டவர் கொடுத்தது.

அந்தப் புதன்கிழமை பார்த்து வீட்டில் கரண்ட் இல்லை. டவர் நன்றாகக் கிடைக்கும் என்று ஜெப்சி போனோடு கரைக்கு வந்துவிட்டாள். மீட்டிங் தொடங்கிவிட்டது. மேடம் கேட்ட கேள்விகளுக்கு இவள் திணறிக்கொண்டிருந்தாள். கீழக்கரை வியாபாரி ஹாஜா முகைதீன் பாய் எங்கள் முதல் கூடையைத் திறந்தார், கடைசிக் கூடையைத் திறந்தார், "மாஷா அல்லாஹ், நல்ல நண்டு" என்றார். ஜெப்சி கூடைகளையே பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தன் அண்ணனைப் பார்த்தாள்.

"அய்யோ மாதாவே!" என்று கத்தினாள். "மேடம், வீடியோ போடுறேன், ஒரு நிமிசம் பாருங்க. இது முதல் கூடை. பெருசா? இது கடைசிக் கூடை. பொடியா? அப்ப வரிசை சரிதானே?"

"சரிதான் ஜெப்சி. மீட்டிங்ல எதுக்கு நண்டு?"

"இது ரெண்டு வள்ளத்து நண்டு மேடம். தனித்தனியா வரிசையாத்தான் வந்துச்சு. அப்படியே ஒண்ணு பின்னால ஒண்ணா வச்சுட்டாங்க. இப்ப நடுவுல பாருங்க."

"அடியே, வேணாம்டி" என்றேன். யேசுதாஸ் சட்டென்று நடுக்கூடை மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணே, எந்திரி."

"இடுப்புப் பிடிச்சுக்கிருச்சு தங்கச்சி."

"எந்திரிண்ணே. என் வேலை போயிரும்."

அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் மணலைப் பார்த்தேன். எழுந்துவிட்டான். ஜெப்சி மூடியைத் திறந்தாள். உள்ளங்கை அளவு கூட இல்லாத பொடிநண்டு. அடுத்த கூடையைத் திறந்தாள். தட்டு அளவு நண்டு.

"நம்ம மெஷினும் இதைத்தான் பண்ணுது மேடம். டேட்டா நிறைய இருந்தா வேலையை ரெண்டாப் பங்கு போடுது. ரெண்டு பங்கும் தனித்தனியா வரிசையா வருது. சேத்த பிறகு ஆப்டிமைசர் திரும்ப அடுக்காம விட்டுருது. உங்க மெஷின்ல டேட்டா கொஞ்சம், ஒரே வள்ளம். அதான் தப்பு வரல. எங்கிட்ட ரெண்டு வள்ளம். வந்திருந்தாலும் நடுவுல பாக்காம உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது, நானும் ஏன்னு யோசிக்கல."

"வேலையைப் பங்கு போடுற மாதிரி வச்சு இங்கயும் ஓட்டிப் பாக்கிறேன்" என்றார் மேடம். அரை மணி நேரத்தில் அங்கேயும் வரிசை குலைந்தது. வெள்ளிக்கிழமை வெளியீடு நின்றது. ஜெப்சியின் வேலை தப்பித்தது.

எங்கள் பாடுதான் தப்பிக்கவில்லை. "அட வினோத்து!" என்றார் ஹாஜா பாய். "இத்தனை நாளு நான் வாங்குனதெல்லாம் ரெட்டை வள்ளத்து நண்டாப்பா? அல்லாஹ் உன் வீட்டுக்குள்ளயே சாட்சியை வச்சிருக்கான்!" கரையே சிரித்தது. அன்றிலிருந்து எல்லா வியாபாரியும் நடுக்கூடையைத் திறக்கிறார்கள். அதற்கு 'ஜெப்சி கூடை' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

மூன்று நாள் நான் அவளோடு பேசவில்லை. நாலாவது நாள், "எங்க மானத்தை வாங்கிட்டியேடி" என்றேன்.

"சரி, நான் சென்னைக்குப் போறேன். நீங்க உங்க மானத்தோட இங்கன இருந்துக்கிறீங்களா?"

சோற்றைப் போடச் சொன்னேன்.

அந்தப் பிழை திரும்ப வராமல் பார்க்க அவள் ஒரு சோதனை எழுதி வைத்திருக்கிறாள். சோதனைக்கு ஒரு பெயர் வேண்டுமாம். 'வினோத்' என்று வைத்துவிட்டாள். தினமும் காலையில் லேப்டாப்பைத் திறந்ததும், "ஏங்க, இன்னைக்கும் வினோத் பாஸாயிருச்சு" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவாள். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம்தான், காட்டிக்கொள்ள மாட்டேன்.

போன வாரம் எனக்கும் மச்சானுக்கும் ஒரு யோசனை வந்தது. நடுக்கூடையைத்தானே திறக்கிறார்கள்? சரியாக நடுவில் மட்டும் நடுத்தர நண்டை வைத்தோம். மற்றதெல்லாம் பழையபடி. ஹாஜா பாய் மூன்று கூடையைத் திறந்தார், தலையாட்டினார், வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் ஜெப்சி கேட்டாள். "இன்னைக்கு ரெண்டு வள்ளத்து நண்டையும் கலந்து பிரிக்க எவ்வளவு நேரமாச்சு?"

"ரெண்டு மணி நேரம்" என்றேன், முகத்தை நன்றாகத் துடைத்துக்கொண்டு.

மதியம் குழம்பு ஊற்றும்போது, "வள்ளம் ஏழு மணிக்குத்தானே கரை புடிச்சுச்சு? டீ எப்ப குடிச்சீங்க?" என்றாள்.

"ஏலம் முடிஞ்சு ஏழரைக்கு" என்றது என் வாய்.

மறுநாள் காலை அவளுடைய சோதனைப் பட்டியலில் 'வினோத் இரண்டு' என்று புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது. அடுத்த ஏலத்துக்கு நான் போவதற்குள் மச்சான் கூடைகளை வரிசையாக வைத்திருந்தான். ஹாஜா பாய் நடுக்கூடையை விட்டுவிட்டு அதற்கு அடுத்த கூடையின் மேல் கையை வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்.